மேலே குளம், கீழே லயம்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் அணித் தலைவிகளுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், சேமலாப நிதி, காணி, வீடு என்று பேசவே நேரம் போதாத இடத்தில் ஒருவன் எழுந்து குளத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்கிறான். சிலர் தேத்தண்ணி எப்போது வரும் என்று கதவைப் பார்ப்பது தெரிகிறது. வரும். அதற்கு முன் கொஞ்சம் கேளுங்கள்.

நான் லயத்தில் பிறந்தவன். அப்பா கான் வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தார். நான் ஊரை விட்டுப் போய் வன்னியிலும் கிழக்கிலும் குளக்கட்டு வேலைகளில் மேற்பார்வையாளனாக 28 வருடம் இருந்தேன். மண்ணால் கட்டிய அணை எப்படி நிற்கிறது, எப்படி விழுகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்தவன். அந்த அளவுக்கு மட்டும்தான் இங்கே பேச எனக்குத் தகுதி.

போன மாதம் ஒரு தோட்டத்துக்குக் கல்யாண வீட்டுக்குப் போனேன். பெயர் வேண்டாம். அப்படியான இடம் அது ஒன்று மட்டுமல்ல. பங்களாவுக்குப் பக்கத்தில் பழைய குளம் ஒன்று. வெள்ளைக்காரத் துரை காலத்தில் ஸ்டோருக்குத் தண்ணீர் எடுக்கக் கட்டியது என்றார்கள். இப்போது பங்களா ஹோட்டலாகிவிட்டது. குளத்தில் படகு விடுகிறார்கள், மீன் வளர்க்கிறார்கள், கரையில் நாற்காலி போட்டிருக்கிறார்கள். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஆனால் நான் படகைப் பார்க்கவில்லை. கட்டைப் பார்த்தேன். கட்டின் வெளிச்சரிவில் சவுக்கு மரங்கள் என் இடுப்பளவு பருமனுக்கு வளர்ந்திருந்தன. தண்ணீர் கூடினால் வழிந்தோட விட்டிருந்த வானின் வாயில், மீன் போய்விடக் கூடாது என்று கம்பி வலை அடித்திருந்தார்கள். வலை முழுக்க இலையும் சருகும். அடியில் தண்ணீர் திறந்துவிடும் மடை எங்கே என்று தோட்டக்காரத் தம்பியிடம் கேட்டேன். "அப்படி ஒன்று இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள் ஐயா" என்றார். கட்டின் மேல் நின்று கீழே பார்த்தால் லயத்துத் தகரம் தெரிகிறது.

அந்தக் கம்பி வலையைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அமெரிக்காவில் நடந்த ஒரு கதை. 1889ஆம் ஆண்டு, பென்சில்வேனியா மாநிலம், ஜோன்ஸ்டவுன் என்ற ஊர். உருக்குத் தொழிலாளர் ஊர். அதற்கு 14 மைல் மேலே, மலையில், சவுத் போர்க் என்ற மண் அணை. உயரம் 72 அடி, நீளம் 931 அடி. அந்த அணையை முதலில் கட்டியது மாநில அரசு, படகுக் கால்வாய்க்குத் தண்ணீர் சேர்த்து வைக்க. கட்டி முடிக்கும்போதே ரயில் வந்துவிட்டது, கால்வாய்க்கு வேலை இல்லை. அரசு அதை ரயில் கம்பனிக்கு விற்றது. ரயில் கம்பனி தனியார் ஒருவருக்கு விற்றது. அவர் என்ன செய்தார் தெரியுமா? அணையின் அடியில் இருந்த இரும்புக் குழாய்களைக் கழற்றிப் பழைய இரும்பு விலைக்கு விற்றார். தேவைப்பட்டால் குளத்தை இறக்குவதற்கு இருந்த ஒரே வழி அந்தக் குழாய்தான். அது போனது.

பிறகு 1879இல் அது ஒரு மீன்பிடி, வேட்டைக் கழகத்தின் கைக்கு வந்தது. உறுப்பினர்கள் பிட்ஸ்பர்க் நகரத்தின் பெரும் பணக்காரர்கள். உருக்கு முதலாளி அன்ட்ரூ கார்னகி ஒருவர், ஹென்றி கிளே பிரிக் இன்னொருவர். தொழிற்சங்கக்காரர்களுக்கு இந்த இரண்டாவது பெயர் தெரிந்திருக்க வேண்டும். மூன்று வருடம் கழித்து 1892இல் ஹோம்ஸ்டெட் உருக்காலை வேலைநிறுத்தத்தை உடைக்கத் தனியார் ஆயுதக் காவலர்களைப் படகில் கொண்டுவந்து இறக்கியவர் அவர்தான். சரி, அது வேறு கதை.

கழகத்தார் உடைந்திருந்த அணையைத் திருத்தினார்கள். குழாயைத் திரும்பப் போடவில்லை. அணையின் மேல் குதிரை வண்டி இரண்டு எதிரெதிரே போக வேண்டும் என்பதற்காக மேற்பகுதியை வெட்டி இரண்டு மூன்று அடி தாழ்த்தி அகலமாக்கினார்கள். நடுப்பகுதி வேறு கொஞ்சம் அமிழ்ந்திருந்தது. வானின் வாயில், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன் தப்பக் கூடாது என்று இரும்பு வலை போட்டார்கள்.

இதில் ஒன்றை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். வானின் தளத்துக்கும் அணையின் உச்சிக்கும் இடையில் உள்ள உயரம்தான் வெள்ளம் போவதற்கான வழி. உச்சியை மூன்று அடி வெட்டினால் அந்த வழியின் ஆழம் மூன்று அடி குறைகிறது. வான் அங்கேயேதான் இருக்கும், பார்ப்பவனுக்கு ஒரு மாற்றமும் தெரியாது. ஆனால் அதனால் வெளியேற்ற முடிந்த தண்ணீர் பெரிதும் குறைந்துவிடும். அதன் மேல் ஒரு வலையும் போட்டால்?

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. கீழே இருந்த இரும்பாலையின் தலைவர் 1880இல் தன் பொறியியலாளரை அனுப்பி அணையைப் பார்க்க வைத்தார். அவர் இரண்டு குறை எழுதினார். தண்ணீரை இறக்கக் குழாய் இல்லை, திருத்தம் ஒழுங்காகச் செய்யவில்லை, ஒழுக்கு இருக்கிறது. திருத்தச் செலவில் பங்கு தருகிறேன் என்றுகூட ஆலைத் தலைவர் சொன்னார். எங்கள் அணையால் உங்களுக்கு ஆபத்து இல்லை என்று கழகத் தலைவர் பதில் எழுதி விஷயத்தை முடித்துவிட்டார். ஆலைத் தலைவர் சில வருடத்தில் இறந்துபோனார். அதன் பிறகு கேட்பதற்கு ஆள் இல்லை.

1889 மே 30 இரவு பெருமழை. 31ஆம் திகதி காலை குளம் விறுவிறென்று ஏறியது. கழகத்தில் குழி வெட்ட வந்திருந்த இத்தாலியத் தொழிலாளர்களைக் கூப்பிட்டு, மண்வெட்டியால் கட்டை உயர்த்தச் சொன்னார்கள். மறு கரையில் இன்னொரு வாய்க்கால் வெட்டச் சொன்னார்கள். வலையில் அடைத்த குப்பையை இழுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. ஒரு இளம் பொறியியலாளர் குதிரையில் ஓடிப்போய்ப் பக்கத்து ஊரில் தந்தி கொடுக்கச் சொன்னார். ஆனால் அணை உடையப்போகிறது என்று வருடா வருடம் கேட்டுக் கேட்டு ஜோன்ஸ்டவுன் மக்களுக்குப் பழகிவிட்டது. பின்னேரம் 3 மணியளவில் தண்ணீர் உச்சியைத் தாண்டி, கட்டு கரைந்து, குளம் முழுதாக இறங்கியது. 4 மணி கடந்து சில நிமிடத்தில் ஊரை அடைந்தது. இறந்தவர்கள் 2,209 பேர். 99 குடும்பங்கள் ஒருவர் மிஞ்சாமல் போயின. 777 பேரை இன்னார் என்று அடையாளம் காண முடியாமலே புதைத்தார்கள்.

கழகம் ஆயிரம் போர்வை அனுப்பியது. வழக்குப் போட்டவர்கள் தோற்றார்கள். இயற்கையின் செயல் என்றது நீதிமன்றம். கார்னகி பிறகு அந்த ஊருக்கு நூலகம் கட்டிக் கொடுத்தார். அந்தக் கட்டடம் இன்றும் அங்கே இருக்கிறது.

72 அடி உயர அணை எங்கே, எங்கள் தோட்டத்துக் குட்டை எங்கே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு இன்னொரு அணையைச் சொல்கிறேன். அதே அமெரிக்கா, ஜோர்ஜியா மாநிலம், டொக்கோவா. கெல்லி பார்ன்ஸ் என்ற அணை, உயரம் 38 அடி அளவு. ஒரு கல்லூரிக்குச் சொந்தமானது. ஆரம்பத்தில் சின்ன மின்சார நிலையத்துக்காக இருந்தது. 1957இல் மின் உற்பத்தி நின்றது. அதன் பிறகு பொழுதுபோக்குக் குளம். வேலைக்கான குளமாக இருந்தபோது தினமும் ஒருவன் வந்து பார்ப்பான். அழகுக்கான குளமான பிறகு யார் வந்து பார்ப்பது? 1973இல் எடுத்த ஒரு படத்தில் கட்டின் வெளிச்சரிவு ஒரு இடத்தில் சரிந்து கிடப்பது தெரிகிறது. சரிவில் மரங்கள் வளர்ந்திருந்தன. 1977 நவம்பர் 6, விடியப் புறம் ஒன்றரை மணி, நான்கு நாள் மழைக்குப் பிறகு அது உடைந்தது. கீழே கல்லூரிக் குடியிருப்பில் தூங்கிக்கொண்டிருந்த 39 பேர் இறந்தார்கள். குழந்தைகள் பலர்.

அதற்குப் பிறகுதான் ஜனாதிபதி கார்ட்டர், உடைந்தால் கீழே உயிர்ச்சேதம் வரக்கூடிய தனியார் அணைகளையும் அரசு பரிசோதிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். நான்கு வருடத்தில் ஏறக்குறைய 9,000 அணைகளைப் பார்த்தார்கள். மூன்றில் ஒன்று பாதுகாப்பு இல்லாதது என்று எழுதினார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் குறை ஒன்றே: வான் போதாது.

அமெரிக்கா தூரம் என்றால் கென்யாவுக்கு வாருங்கள். 2018 மே 9 இரவு, நகுரு மாவட்டத்தில் சோலாய் என்ற இடம். பெரிய தனியார் தோட்டத்துக்குச் சொந்தமான மண் அணை உடைந்து 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கீழே இருந்தது தோட்ட வேலையை நம்பி வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள். உரிய அனுமதி இல்லாத அணை என்று அதிகாரிகள் அதன் பிறகு சொன்னார்கள். அதன் பிறகு!

நம் நாட்டில் 1986 ஏப்ரல் 20 விடியற்காலை கந்தளாய்க் குளம் உடைந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அது அரசாங்கக் குளம், பெரிய குளம். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். மலையகத்தில் எச்சரிக்கை என்றால் என்னவென்று மீரியாபெத்தையிடம் கேட்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலை மண் சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. காகிதம் இருந்தது, மாற்று வீடு இல்லை.

இனி, பார்க்க வேண்டியது என்ன என்பதற்கு வருகிறேன். முதலில் ஒரு கணக்கு. ஒரு ஏக்கர் குளம், சராசரி ஆழம் 2 மீற்றர் என்று வையுங்கள். அதில் சுமார் 8,000 தொன் தண்ணீர். பத்துத் தொன் லொறி 800. அது மலைச்சரிவில் சில நிமிடத்தில் இறங்கினால், வரும் வழியில் கல்லையும் மரத்தையும் சேர்த்துக்கொண்டுதான் வரும். சின்னக் குளம் என்ற சொல்லை இந்தக் கணக்கோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.

மண் அணை பெரும்பாலும் இரண்டு வழியில் சாகும். ஒன்று, தண்ணீர் தலைக்கு மேல் போவது. கொங்கிறீட் சுவரின் மேல் தண்ணீர் வழிந்தால் அது கொஞ்ச நேரம் தாங்கும். மண் தாங்காது, சர்க்கரை போல் கரையும். ஆகவே வான் அடைபடக் கூடாது. வலை, விழுந்த மரம், புதர், அழகுக்குப் போட்ட பாலம், மீன் தடுக்கக் கட்டிய பலகை எல்லாம் அடைப்புத்தான். கூடவே, கட்டின் உச்சி மட்டமாக இருக்கிறதா பாருங்கள். நடுவில் ஒரு முழம் தாழ்ந்திருந்தால் வெள்ளம் முதலில் அங்கேதான் தாண்டும். மாடு போகும் தடம், மோட்டார் சைக்கிள் தடம் இவையும் அப்படித் தாழ்வு உண்டாக்கும்.

இரண்டாவது வழி இதைவிடக் கள்ளத்தனமானது. தண்ணீர் கட்டின் உள்ளே வழி கண்டுபிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுத்துக்கொண்டு வெளியே வரும். உள்ளே ஒரு குழாய் போலத் துளை வளரும். வெளியே ஒரு நாள் வரைக்கும் ஒன்றும் தெரியாது. மரத்தை ஏன் சொன்னேன் என்றால், மரம் செத்த பிறகு வேர் உக்கி, அந்த இடமே துளையாகிவிடும். அதற்காக நீங்களாகப் போய்ப் பெரிய மரத்தை வேரோடு பிடுங்கவும் கூடாது. பிடுங்கிய குழி அதைவிட மோசம். முள்ளம்பன்றி வளை, எலி வளை, கறையான் புற்று இவற்றையும் எழுதி வையுங்கள். பழைய குழாய் கட்டுக்குள் புதைந்து கிடந்தால் அதன் பக்கத்தில் ஈரம் வருகிறதா என்று பாருங்கள். குழாயை ஒட்டித்தான் தண்ணீருக்கு வழி இலகு.

ஈரம் என்றாலே பயப்பட வேண்டாம். எந்த மண் கட்டும் கொஞ்சம் கசியும். கசிவு தெளிந்த தண்ணீரா, கலங்கலா என்பதே கேள்வி. ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து, ஆடாமல் ஒரு இரவு வைத்துக் காலையில் அடியைப் பாருங்கள். மண் படிந்திருந்தால் கட்டு உள்ளே கரைகிறது. போன வாரத்தைவிடக் கசிவு கூடியிருந்தாலும் அதே மாதிரித்தான், மழை இல்லாத நாளில் கூடினால் இன்னும் மோசம். ஈர இடத்தின் ஓரத்தில் ஒரு குச்சி நட்டு வைத்தால் அது பரவுகிறதா என்று அடுத்த வாரம் தெரிந்துவிடும்.

ஒரு தப்பை எல்லோரும் செய்வார்கள், நானே பார்த்திருக்கிறேன். கசியும் வாயில் களிமண்ணை அப்பி அடைப்பது. அடைத்தால் தண்ணீர் நிற்காது, உள்ளே அழுத்தம் கூடி இன்னொரு இடத்தில் வெடிக்கும். தண்ணீரை வர விட்டு மண்ணை மட்டும் தடுக்க வேண்டும். அதற்கு முதலில் மணல், அதன் மேல் சரளைக் கல் என்று அளவு பார்த்துப் போடுவார்கள். அது பொறியியலாளர் நின்று செய்ய வேண்டிய வேலை. இன்னொன்று, பயந்துபோய்க் குளத்தை ஒரே நாளில் வெட்டி இறக்கச் சொல்லக் கூடாது. தண்ணீர் சட்டென்று இறங்கினால், நனைந்து ஊறிய உட்சரிவு தாங்க முடியாமல் சரியும். மெதுவாகத்தான் இறக்க வேண்டும். அதற்குத்தான் மடை வேண்டும் என்கிறேன்.

யாரிடம் கேட்பது? இது சிக்கல். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. நிலம் அரசின் பெயரில், குத்தகை கம்பனியின் பெயரில், பங்களா இன்னொருவரிடம் வாடகைக்கு. குளம் யாருடையது என்று கேட்டால் ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டுவார். சவுத் போர்க்கிலும் அதுதான் நடந்தது. அரசு, ரயில், ஒரு தனியார், ஒரு கழகம் என்று நான்கு கை மாறி, ஒவ்வொரு கையிலும் ஏதோ ஒன்று குறைந்தது. ஆகவே ஒருவருக்கு மட்டும் கடிதம் கொடுக்காதீர்கள். தோட்ட முகாமையாளர், பங்களா நடத்துபவர், கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலாளர் நான்கு பேருக்கும் ஒரே கடிதம், ஒரே திகதி. பிரதி அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும். கையளித்ததற்கு முத்திரை வாங்குங்கள். குளம் ஆபத்து என்று மட்டும் எழுதாதீர்கள். இன்ன இடத்தில், இத்தனை அடி அகலத்தில், இன்ன திகதியில் இதைப் பார்த்தோம், கீழே இத்தனை வீடு, இத்தனை பிள்ளைகள் என்று எழுதுங்கள். வானில் உள்ள வலையை எடுக்க ஒரு மணி நேரம் போதும். அதை முதல் கோரிக்கையாக வையுங்கள். அதையே செய்யவில்லை என்றால் மற்றதைப் பற்றி நமக்கு ஒரு விளக்கம் கிடைத்துவிடும்.

ஹோட்டலை மூடச் சொல்கிறோம் என்று யாராவது கதை கட்டுவார்கள். அங்கே நம் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். படகு ஓடட்டும். கட்டைப் பார்க்க ஒரு தகுதியான ஆள் வரட்டும், வந்து பார்த்ததைத் தமிழில் எழுதி லயத்திலும் ஒட்டட்டும் என்கிறோம். இவ்வளவுதான் கேட்பது. முன்பு கான் வெட்ட ஒரு கூட்டம் ஆட்கள் இருந்தார்கள், வானும் அவர்கள் கையில்தான் இருந்தது. ஆட்களைக் குறைத்த பிறகு அந்த வேலை எவர் பெயரிலும் இல்லை. அதைப் பெரட்டில் ஒரு வேலையாகப் போட்டு, பெயர் போட்டுக் கூலி கொடுக்கச் சொல்வது சங்கத்தின் வேலை.

மழை இரவில் என்ன செய்வது என்று ஒரு தலைவி காலையிலேயே கேட்டார். தண்ணீர் கட்டைத் தொடப் போகிறது, கசிவு திடீரென்று கலங்கியது, ஓடையில் வழமையாக வரும் தண்ணீர் சட்டென்று நின்றது அல்லது சேறாக வந்தது என்றால் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டாம். லயத்தை எழுப்புங்கள். கோயில் மணி போதும். ஓடை வழியே கீழே ஓடக் கூடாது, தண்ணீரும் அந்த வழியில்தான் வரும். பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். பாலத்தில் நிற்காதீர்கள். கட்டைப் பார்க்கப் போகிறேன் என்று டோர்ச் எடுத்துக்கொண்டு இளைஞர்கள் அதன் மேல் ஏறக் கூடாது. 117க்கு அழையுங்கள், அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம். எந்த மேட்டில் கூடுவது, நடக்க முடியாத பாட்டியை யார் தூக்குவது, பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்து வீட்டை யார் தட்டுவது என்பதை வெயில் நாளில் பேசி வையுங்கள். நாலு தடவை எழுப்பி ஒன்றும் நடக்கவில்லை என்று ஐந்தாம் தடவை சிரிக்காதீர்கள். ஜோன்ஸ்டவுனிலும் சிரித்தார்கள்.

தேத்தண்ணி வந்துவிட்டது. வருகிற ஞாயிறு காலை 8 மணிக்கு நான் சொன்ன அந்தத் தோட்டத்துக் கமிட்டியோடு குளத்தைப் பார்க்கப் போகிறேன். முகாமையாளருக்குச் சொல்லியாயிற்று. தங்கள் தோட்டத்தில் குளம் உள்ள தலைவர்கள் வரலாம். ஆளுக்கு ஒரு கண்ணாடிப் போத்தல், ஒரு கொப்பி, அளவு நாடா இருந்தால் அதுவும் கொண்டு வாருங்கள். அட்டை கடிக்கும், உப்பும் எடுத்து வாருங்கள்.